கூடைமேல் வைத்த கல்

நாடகச் செயலமர்வு நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் வெவ்வேறு நாட்களில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வட்டத்துக்குள் ஒருவர் திடீரென்று அழத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் கொடுங்கள், மற்றவர்களைச் சற்று வெளியே அனுப்புங்கள், கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருங்கள் என்று சொன்னேன். எல்லாம் சரியான பதில்கள். ஆனால் என் அனுபவத்தில் அழுகிறவருக்கு நம்மால் பெரிய ஆபத்து வருவதில்லை. அழுகையைக் கண்டால் நாமே பயந்து கவனமாகி விடுகிறோம். ஒருவர் அழாமல், மிக அழகாக ஒன்றைச் செய்து காட்டுகிறார், அதைப் பார்த்து நமக்கு மெய்சிலிர்க்கிறது. அப்போதுதான் நாம் ஆபத்தானவர்கள் ஆகிறோம். அப்படி ஒரு நாளில் நான் செய்ததைத்தான் எழுதப்போகிறேன். இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

போர் முடிந்து மூன்றாவது வருடம். நான் சிலாபத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, பாலாவியில் மாறி, கற்பிட்டிக்குப் போவேன். கடலை ஒட்டிய களப்பு ஓரத்தில், நாடகச் செயலமர்வு நடத்த எங்களுக்குப் பழைய மண்டபம் ஒன்றைத் தந்திருந்தார்கள். ஒரு காலத்தில் கருவாடு கட்டி வைத்த இடம். எவ்வளவு கழுவினாலும் மழைநாளில் அந்த மணம் எழும்பும். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் போர் நடந்த தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். இருபது வருடம் ஒரே கடற்கரையில் வாழ்ந்தும் சந்தையிலும் பஸ்ஸிலும் மட்டுமே ஒருவரையொருவர் கண்டவர்கள்.

நாங்கள் செய்தது எழுத்துரு இல்லாத நாடகம். வசனம் கிடையாது, கதை கிடையாது. ஓர் இடத்தைச் சொல்லித் தொடங்குவோம், வருவதை வைத்து மேலே போவோம். முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் யோசித்தார்கள். யோசித்துச் சொன்ன வசனங்கள் எல்லாம் ரேடியோ நாடகம் மாதிரி இருந்தன.

அதை உடைத்தது ஒரு கழுதை. கற்பிட்டியில் கழுதைகள் தெருவில் திரிவது உங்களுக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு ஒன்றை நடித்துக்கொண்டிருந்தோம். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், யாருக்கும் அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது வாசலால் ஒரு கழுதை தலையை நீட்டியது. எல்லோரும் “ச்சூ, ச்சூ” என்று எழும்பினார்கள். குழுவில் இருந்த தன் தங்கையைக் கூட்டிப்போக வந்து, வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவன், “துரத்தாதீங்க, துரத்தாதீங்க” என்று ஓடிவந்தான். கழுதைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“வாங்க டொக்டர். காலமை தொடக்கம் சனம் காத்துக் கிடக்குது. இண்டைக்கும் மருந்து இல்லையெண்டு சொல்லப் போறீங்களா?”

கழுதை ஈயைத் துரத்தத் தலையை ஆட்டியது.

“பாத்தீங்களா, இல்லையாம்” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னான்.

அவன்தான் அன்டன். வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் வந்தான். உனக்கு எப்படி அது வந்தது என்று கேட்டேன். “நான் நடிக்கத் தெரிஞ்சவன் இல்ல ஸேர். எஞ்சின் என்ன சத்தம் போடுதெண்டு கேட்டாத்தான் கை வைப்பன். கழுதையும் அப்பிடித்தான்” என்றான். முப்பது வருடம் நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்ததை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். வந்ததைத் துரத்தாதே, ஏற்றுக்கொள், அதோடு ஒன்றைச் சேர்.

இன்னொரு விதியும் இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் சிலாபத்தில் நான் இளைஞனாக இருந்தபோது பழக்கமான ஒரு சிங்கள நடிகர். வட்டத்தில் ஒருவனுக்குத் தன்னை அறியாமல் ஒன்று வந்தால், அதை அவனிடம் இரண்டாம் முறை கேட்காதே என்பார். கேட்டால் அவன் நடித்துக் காட்டுவான், அது பொய்யாகிவிடும், பிறகு அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு திரிவதும் அவன்தான் என்பார். இந்த விதி எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பரீதா பாலர் பாடசாலை ஆசிரியை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவளுக்குப் பதினொரு வயது. எங்கள் குழுவுக்கு வந்தபோது முப்பத்துமூன்று. ஆறு கிழமையாக அவள் எடுத்ததெல்லாம் சின்னப் பாத்திரங்கள். வரிசையில் கடைசி ஆள், பஸ்ஸில் நித்திரை கொள்கிறவர், மரம்.

“பரீதா டீச்சர் இண்டைக்கும் மரமா? போன கிழமை வேம்பு. இந்தக் கிழமை என்ன, பூவரசா?” என்று அன்டன் கேட்பான்.

“கள்ளி. கிட்ட வராதீங்க” என்பாள்.

ஏழாவது சனிக்கிழமை பொருள் கைமாற்றும் பயிற்சி செய்தோம். உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லோரும் வட்டமாக நிற்போம். ஒருவர் இல்லாத ஒரு பொருளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். வாங்குகிறவர் அது என்ன என்று யோசிக்காமல் கையை முடிவு செய்ய விட வேண்டும். தலை தெரிவு செய்வதற்கு முன் கை தெரிவு செய்துவிடும். ஆழ்மனம் என்று புத்தகங்களில் எழுதியிருப்பதை நான் கண்ணால் கண்டது இந்தப் பயிற்சியில்தான்.

அன்டன் முக்கி முனகிக்கொண்டு ஒரு பாரத்தைத் தூக்கி வந்தான். “பிடிங்க டீச்சர், நாப்பது குதிரை எஞ்சின். கால்ல போட்டிராதீங்க.”

பரீதா வாங்கினாள். வாங்கிய கணத்தில் அது இலேசாகிவிட்டது. இரண்டு உள்ளங்கைகளும் குவிந்தன. அவள் குனிந்து அதை நிலத்தில் விட்டாள். காலடியில் ஓடுகிற வேறு சிலவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக் கூட்டினாள். பக்கத்தில் இருந்த பெரிய ஒன்றை எடுத்து அவற்றின்மேல் கவிழ்த்தாள். பிறகு ஐந்தாறு அடி நடந்துபோய், பாரமான ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து அதன்மேல் வைத்தாள். ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மூன்று அடிதான் வைத்தாள், நின்றுவிட்டாள். மெதுவாகத் திரும்பி நிலத்தில் அந்த இடத்தைப் பார்த்தாள்.

“என்ன டீச்சர் அது?” என்று அன்டன் கேட்டான். குரலில் வழக்கமான பகிடியோ சிரிப்போ இருக்கவில்லை.

“கோழிக்குஞ்சி. தாய்க்கோழியும் குஞ்சிகளும். காகம் தூக்கும். அதால கூடையால மூடி, மேல கல்லு வைக்கிறது. அது என்ட வேல.” தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். “அண்டைக்கும் வச்சன். பிறகுதான் எங்களப் போகச் சொன்னாங்க. நான் கல்ல எடுக்கல்ல.”



“இருவத்திரண்டு வருசமா இது எனக்கு ஞாபகமே இல்ல ஸேர்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “இப்ப கைதான் சொன்னிச்சி.”

அந்த நேரத்தில் என் மனதில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பாவம் இந்தப் பிள்ளை என்று வரவில்லை. இதுதான் நமது தொடக்கக் காட்சி என்று வந்தது.

அடுத்த மாதம் புத்தளம் நகரத்தில் ஒரு நாடக ஆற்றுகையை மேடையேற்ற எங்களை அழைத்திருந்தார்கள். அதிகாரிகள் வருவார்கள். எங்கள் வேலையைப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுபோவதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். எழுத்துரு இல்லாமல் மேடையேறுவதுதான் எங்கள் வேலையே. ஆனால் அதிகாரிகளுக்கு முன்னால் ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது என்று நான் பயந்தேன். நிச்சயமான ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“பரீதா, அத மேடையில செய்வம்.”

“எத ஸேர்?”

“கோழிக்கூடைய.”

“அது நான் செஞ்சது இல்ல ஸேர். வந்திச்சி.”

“திரும்ப வரும்.”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “நீங்க சொன்னாச் சரி ஸேர்.”

அந்தச் ‘சரி’யை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இவ்வளவு காலம் வகுப்பறையில் நின்றவனுக்கு மரியாதையும் சம்மதமும் வேறு வேறு என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் எடுத்தேன்.

ஒத்திகையில் அவளைத் திருத்தினேன். கல் இன்னும் பாரமாகத் தெரிய வேண்டும் என்றேன். திரும்புவதற்கு முன் நாலு எண்ணும் நேரம் நில்லுங்கள் என்றேன். முகத்தைச் சபையின் பக்கம் வையுங்கள் என்றேன். மூன்றாவது ஒத்திகையில் அந்தக் கைகள் செத்துவிட்டன. குஞ்சும் இல்லை, கூடையும் இல்லை, ஒரு பெண் காற்றில் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பிழை அவளிடம் என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டில் யார் என்ன சொன்னார்கள், உம்மா எப்படிக் கூப்பிட்டார் என்று நினைத்துப் பாருங்கள் என்றுகூடச் சொன்னேன். இந்த வசனத்தை இப்போது எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

அன்று தேத்தண்ணிக் கடையில் அன்டன் என் பக்கத்தில் வந்து இருந்தான்.

“ஸேர், அந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. நீங்க கயிற இழுத்து இழுத்து அத்துப்போடப் போறீங்க. விடுங்க.”

“அன்டன், நீர் உம்முட எஞ்சினப் பாரும்.”

“அதத்தான் ஸேர் பாக்கிறன்” என்றான்.

இன்னொன்றும் செய்தேன். பரீதாவுக்குச் சொல்லாமல், அவளுடைய உம்மாவை ஆற்றுகைக்கு அழைத்தேன். வயதான மனுசி பஸ்ஸில் அலையக்கூடாது என்று வான் வண்டி ஒன்றும் அனுப்பினேன். தாய் சபையில் இருந்தால் மகளின் கைகளுக்கு உயிர் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கோழிக்கூடையைப் பற்றிப் பரீதா உம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அதிகாரிகள், மூன்றாவது வரிசையில் வெள்ளை முக்காட்டோடு பரீதாவின் உம்மா. திரை திறந்தது. பரீதா வந்து குஞ்சுகளைக் கூட்டினாள், கூடையைக் கவிழ்த்தாள், கல்லைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது உம்மாவைக் கண்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள். கல் வயிற்றோடு இருந்தது. வைக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை. நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். “வையுங்க, வையுங்க” என்று கிசுகிசுத்தேன். முன்வரிசையில் ஒருவர் கை மணிக்கூட்டைப் பார்த்தார். திரைக் கயிறு என் கையில்தான் இருந்தது. ஒரு இழுவையில் மூடியிருக்கலாம். நான் அவளைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்த மனுசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடையின் மறுபக்கத்தில் இருந்து “கொக், கொக், கொக்” என்று சத்தம் வந்தது.

அன்டன் குந்தியபடி, முழங்கையைச் சிறகாக்கி, கழுத்தை முன்னும் பின்னும் வெட்டிக்கொண்டு வந்தான். சபை சிரித்தது. எனக்கு இரத்தம் கொதித்தது, என் காட்சியைக் கெடுக்கிறான் என்று. அவன் நேரே பரீதாவிடம் போய் அண்ணாந்து பார்த்தான்.

“என்ன புள்ள, கல்லத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய்? வைக்கிறதா இல்லையா? சொன்னா நான் என்ட வேலையப் பாத்துப் போகலாம்.”

சபை இன்னும் சிரித்தது. பரீதா அவனையே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“நீ வெளியவா இருக்கிறாய்?”

“கல்லு உன்ட கையில. பிறகு நான் ஏன் உள்ளுக்க இருக்க?”

சிரிப்பு அடங்கியது. நாற்பது வருடமாக நாடகம் பார்க்கிறேன், வாசிக்கிறேன், படிப்பிக்கிறேன். அதைவிட நல்ல ஒரு வசனத்தை நான் மேடையில் கேட்டதில்லை. அதை யாரும் எழுதவில்லை. சொன்னவனுக்கும் சொல்லும்வரை அது தெரியாது.

“நான் உன்ன மூடிட்டுப் போயிட்டன்” என்றாள் பரீதா.

“தெரியும். ஏசினன். கோழிப் பாசையில, காது கூசுற மாதிரி ஏசினன்.”

“குஞ்சிகள்?”

அன்டன் கழுத்தை வெட்டுவதை நிறுத்தினான். சிறகைக் கீழே விட்டான். அவன் அங்கே ஒரு நல்ல முடிவைச் சொல்லியிருக்கலாம். எல்லாம் பிழைத்தன, பெரிதாகின, முட்டையிட்டன என்று சொன்னால் சபை கைதட்டியிருக்கும்.

“எனக்குத் தெரியாது புள்ள” என்றான். “நான் கல்பிட்டிக் கோழி. மன்னார்க் கோழி இல்ல. பொய் சொல்லமாட்டன்.”

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அந்த உம்மா எழுந்து நின்றார். முன்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் நடப்பது நாடகமா இல்லையா என்ற யோசனையே அவரிடம் இருக்கவில்லை.

“கல்ல நான் எடுத்தன் புள்ள. நீ வாப்பாவோட முன் ஒழுங்கையால ரோட்டுக்குப் போயிட்டாய். நான் பின்னுக்குப் போய்க் கல்ல எடுத்துப் போட்டு, கூடையப் பிரட்டி உட்டுட்டுத்தான் வந்தன்.”

பரீதா மேடையில் இருந்தே கேட்டாள். “எத்தின குஞ்சி உம்மா?”

உம்மா உடனே ஓர் எண்ணைச் சொன்னார். அந்தக் குஞ்சுகளில் ஒன்றைப் பற்றி இன்னொரு சொல்லும் சொன்னார்.

பரீதாவின் இரண்டு கைகளும் விரிந்தன. இல்லாத அந்தக் கல் விழுந்த இடத்தை மண்டபம் முழுவதும் பார்த்தது.

“ஆ! என்ட கால்!” என்று அன்டன் ஒற்றைக் காலில் துள்ளினான்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பரீதாவும் சிரித்தாள், முகம் எல்லாம் நனைந்திருக்கச் சிரித்தாள். அப்போதுதான் நான் கயிற்றை இழுத்தேன்.

இளையவர்களே, அந்த மூன்று பேரையும் பற்றி எனக்குள்ள வியப்பு இன்றைக்கும் குறையவில்லை. பரீதா பயத்தால் உறைந்த நிலையிலும் தனக்கு முன்னால் வந்த கோழியை ஏற்றுக்கொண்டாள். அன்டன் கைதட்டலுக்கு எட்டிய தூரத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல மறுத்தான். உம்மாவுக்கு ஒரு பயிற்சியும் இல்லை. அவர் சொன்னது உண்மையானால், சொல்லத் தேவையென்று தெரியாத ஒன்றை அத்தனை வருடம் சும்மா வைத்திருந்திருக்கிறார். உண்மை இல்லையானால், ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஒழுங்கையையும் கூடையையும் சேர்த்து ஒரு முழு விடுதலையைக் கட்டித் தந்திருக்கிறார். வீட்டுக்காரிக்குத் தன் குஞ்சுகள் எத்தனை என்று எப்படியும் தெரிந்திருக்கும். ஆகவே அந்த எண் எதையும் நிரூபிக்காது. பரீதாவும் அதை அறியாதவள் அல்ல. எது உண்மையானாலும் அது நான் எட்டாத உயரம்.

ஆனால் அந்த வியப்போடு நான் நிற்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே உம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், பரீதா அவர் தோளைப் பிடித்திருந்தாள். நான் போய்க் கேட்டேன்.

“நீங்க உண்மையிலேயே கல்ல எடுத்தீங்களா?”

உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் மாஸ்டர், எழுதிக்கொள்ளவா?”

இருவரும் நான் ஒழுங்கு செய்த வானில் ஏறவில்லை. பஸ் நிலையம் வரை வெயிலில் நடந்தே போனார்கள்.

எழுதத்தான் செய்தேன். அடுத்த கிழமை அறிக்கை அனுப்பினேன். நடிகை தன் நினைவோடு நேருக்கு நேர் மோதித் தடுமாறியபோது, நெறியாளர் ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தை இடையில் புகுத்தி அவரை மீட்டார் என்று எழுதினேன். நெறியாளர் நான். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அறிக்கை பிடித்துப்போய், வேலை பிற மாவட்டங்களுக்குப் போனது. பயிற்சிக் கைநூல் வந்தது. உறைந்து நிற்பவரிடம் இன்னொருவர் அந்த நினைவில் உள்ள பொருளாகவே வந்து பேசுவது, ‘பொருள் பேசட்டும்’ என்று அதில் என் பெயரோடு இருக்கிற பயிற்சி, இதுதான். நீங்கள் எல்லோரும் அதைச் செய்திருக்கிறீர்கள், அதனால் நல்லது நடந்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் என்னைக் கோழி ஸேர் என்று கூப்பிடுவதும் தெரியும். அன்பாகத்தான் கூப்பிடுகிறீர்கள். அந்தப் பெயருக்கு உரியவன் கற்பிட்டியில் எஞ்சின் திருத்திக்கொண்டிருக்கிறான்.

பரீதா இரண்டு மாதம் வட்டத்துக்கு வரவில்லை. ஒரு காலை அவளுடைய பாலர் பாடசாலைக்குப் போனேன். பிள்ளைகள் தலையில் கடதாசித் தொப்பியோடு ஓடித் திரிந்தார்கள். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“கோவம் இல்ல ஸேர். அந்தக் கோழிய மறந்திருந்ததும் என்ட. ஞாபகம் வந்ததும் என்ட. அத நீங்க எடுத்திட்டீங்க. உம்மாட்ட சொல்றதா வேணாமா எண்டு நான் யோசிச்சி முடிக்கல்ல, நீங்க வான் அனுப்பிட்டீங்க.”

“மன்னிக்க வேணும்” என்றேன்.

“மன்னிக்கிறன். ஆனா அறிக்கை எங்களுக்கும் ஒண்டு வந்தது. அன்டன் அண்ணன்ட பேர் அதுல இல்ல. திருத்தி எழுதுங்க.”

எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதவில்லை. கைநூலின் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்று பதிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் அச்சுப் பார்க்க என் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

பரீதா அடுத்த சனிக்கிழமை வட்டத்துக்குத் திரும்பினாள். எனக்காக வரவில்லை, வட்டத்தில் இருந்த மற்றவர்களுக்காக வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அதை நடத்துகிறவள் அவள்தான். போய்ப் பாருங்கள். யாருக்காவது அப்படி ஒன்று வந்தால் அவள் பயிற்சியை நிறுத்துவாள். அந்த ஆளுக்குப் பக்கத்தில் போய், “இத இங்கயே விடுவமா, வெளிய கொண்டு போவமா?” என்று கேட்பாள். உடனே பதில் வாங்கமாட்டாள், அடுத்த சனிக்கிழமைதான் வாங்குவாள். விடுவோம் என்றால் அதைப் பற்றி அங்கே ஒருவரும் பிறகு வாய் திறக்கமாட்டார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள நுட்பம் ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால், இதைத்தான் காட்டுவேன். இதுவும் என்னுடையது அல்ல.

சென்ற மாதம் அன்டனைப் போய்க் கண்டேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. கைநூலை விரித்து, இந்தப் பயிற்சி உம்முடையது, நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். அவன் எண்ணெய்க் கையோடு பக்கத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்து வாசித்தான். பிறகு சிரித்தான்.

“நான் கோழியா வந்தது உங்களக் கொத்தத்தான் ஸேர். அவ்வளவு கோவம். மேடைக்கு வந்து அந்தப் புள்ளையின்ட முகத்தப் பாத்தன், உங்கள மறந்திட்டன்.”

கைநூலுக்குப் பொறுப்பானவர்களுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன். அன்டன் தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றான், மாற்றினால், அந்தக் கோழி தான்தான் என்று தலவில தேவாலயத் திருவிழாவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று. பரீதா என்பது அவளுடைய பெயர் அல்ல.

எழுதி முடித்ததும் அவளுக்குத் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். உம்மா போன நோன்புக்கு முன் மௌத்தாகிவிட்டார். கல்லை எடுத்தது உண்மையா என்று கடைசி வரை அவரிடம் கேட்கவில்லை என்று பரீதா சொன்னாள். நான் என்னைப் பற்றி எழுதியது எதையும் அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

“உம்மா சொன்ன எண்ணிக்கைய எழுதியிருக்கிறீங்க.”

“ஓம். அந்த ஒரு குஞ்சைப் பத்திச் சொன்னதையும் எழுதியிருக்கிறன்.”

“ரெண்டையும் எடுங்க.”

“அது இல்லாட்டி அந்த இடம்...” என்று தொடங்கினேன். பழக்கம் இன்னும் போகவில்லை. அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும்தான் அது கேட்டது என்றும் சொல்ல வந்தேன்.  மறுமுனையில் அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

“சரி, எடுக்கிறன்” என்றேன்.

“இப்பவே எடுங்க ஸேர். நான் லைன்ல இருக்கிறன்.”

பேனையை எடுத்து அந்த இரண்டு வரியையும் கீழே இருப்பது தெரியாதபடி அடித்தேன்.

“எடுத்திட்டன்.”

“வாசிங்க” என்றாள்.

எண் இல்லாமல் அந்த இடத்தை மறுபடி வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஓம்” என்றாள். “இனி அனுப்புங்க.”